கேட்டதும் சொன்னதும்: அரை மணி நேரத்துக்கு ஒரே பாட்டு

கே: 'டியூன்' படத்தின் இசை பற்றித் தேடிக்கொண்டிருந்தபோது ஹான்ஸ் சிம்மர் பெயருக்குப் பக்கத்தில் கிளாவுஸ் ஷுல்ட்ஸே என்ற பெயரையும் பார்த்தேன். யார் சார் இவர்? சிம்மரின் உதவியாளரா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

ப: உதவியாளரா! நல்லவேளை, சிம்மருக்குத் தமிழ் தெரியாது. சிம்மர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த 1972-லேயே தனியாக ஆல்பம் போட்டவர் ஷுல்ட்ஸே. 1947-ல் பெர்லினில் பிறந்தவர், ஜெர்மன் மின்னணு இசையின் முதல் தலைமுறைக்காரர்களில் ஒருவர். 1978-ல் வந்த 'எக்ஸ்' அவருடைய பத்தாவது ஆல்பம், அதனால்தான் அந்த ரோமன் எண். அதில் ஆறு பாட்டுகள், ஆறுக்கும் ஆட்களின் பெயர். தத்துவவாதி நீட்ஷே இருக்கிறார், பவேரியாவின் அரசர் லுட்விக் இருக்கிறார், நடுவே 'டியூன்' நாவல் எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டும் இருக்கிறார். அடுத்த வருடம் 'டியூன்' என்றே ஒரு ஆல்பம். ஆக, 'டியூன்' கதை நடக்கிற பாலைவனத்துக்கு மனுஷர் சிம்மருக்கு 40 வருடம் முன்னாலேயே போய்விட்டு வந்துவிட்டார். 2021 படத்துக்காக சிம்மர் வெளியிட்ட 'ஸ்கெட்ச்புக்' ஆல்பத்தில் 'கிரெய்ன்ஸ் ஆஃப் ஸாண்ட்' என்று ஒன்று வருகிறதே, அது அந்தப் பழைய 'ஃபிராங்க் ஹெர்பர்ட்' பாட்டை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான்.

கே: ஆர்வத்தில் அவருடைய முதல் ஆல்பத்தைப் போட்டேன். மெட்டு இல்லை, தாளம் இல்லை, ஏதோ மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். இதைப் போய் மேதை என்கிறார்களே?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ப: பத்து நிமிடம் தாங்கியதே பெரிது. அந்த ஆல்பத்தின் பெயர் 'இர்லிஷ்ட்'. நம்மூரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்போமே, சதுப்பு நிலத்தில் ராத்திரி மினுக்கும் வெளிச்சம், அதற்கு ஜெர்மனில் அதுதான் பேர். நீங்கள் நினைப்பதுபோல் அதில் சிந்தசைசரே (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கி வேண்டியபடி மாற்றும் கருவி) கிடையாது, வாங்க அவரிடம் காசில்லை. இருந்தது ஒரு மின்சார ஆர்கன், சரியாக வேலை செய்யாத ஒரு ஆம்ப்ளிஃபையர், அப்புறம் பெர்லினில் ஒரு மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒத்திகையைப் பதிவுசெய்த நாடா. நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டார், ஆம்ப்ளிஃபையரின் கோளாறை அப்படியே இரைச்சலாக எடுத்துக்கொண்டார், அதையெல்லாம் மேலும் கீழுமாக அடுக்கினார். நீங்கள் கேட்ட மோட்டார் அதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இவர் அடிப்படையில் டிரம்மர். டேன்ஜரின் ட்ரீம் என்ற ஜெர்மன் குழுவின் முதல் ஆல்பத்தில் (1970) டிரம்ஸ் இவர்தான். ஆர்கனையும் நாடாவையும் வைத்து ஏதாவது செய்யலாம் என்று இவருக்கு ஆசை, குழுத் தலைவர் எட்கர் ஃப்ரோஸேவுக்கு வேண்டியிருந்ததோ டிரம்மர். வெளியே வந்தார். மான்யுவல் கோட்ஷிங்குடன் சேர்ந்து ஆஷ் ரா டெம்பல் என்ற குழு, 1971-ல் அங்கேயும் ஒரே ஒரு ஆல்பம், அப்புறம் தனி ஆள். (1973-ல் ஒரு ஆல்பத்துக்கு மட்டும் எட்டிப் பார்த்தார்.) தாளத்தை விட்டு ஓடிவந்த டிரம்மர் தாளமே இல்லாத ஆல்பம் போட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதற்காக வெட்கப்படவேண்டாம். எனக்கும் 'இர்லிஷ்ட்' மரியாதைக்குரிய ஆல்பம்தான், திரும்பத் திரும்பக் கேட்கிற ஆல்பம் இல்லை. 1975-ல் வந்த 'டைம்விண்ட்' கேளுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் நாம் இருவரும் இளையராஜாவைப் பற்றிப் பேசலாம்.

கே: நான் வீட்டில் லேப்டாப்பில் மின்னணு இசை செய்பவன். 'டைம்விண்ட்' காலத்தில் கம்ப்யூட்டரே இல்லாமல் அவ்வளவு நீளமாக எப்படி வாசித்தார்கள்? வெட்டி ஒட்டினார்களா?
- ஒரு வாசகர், ஈரோடு

ப: வெட்டி ஒட்டவில்லை, அதுதான் விஷயமே. அந்த ஆல்பத்தில்தான் அவர் முதன்முதலாக சீக்வென்சர் பயன்படுத்தினார். நீங்கள் திரையில் கட்டம் கட்டமாகப் பார்ப்பதை அப்போது ஒரு பெட்டியின் முகப்பில் வரிசையாக வைத்த திருகுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருகு, ஒரு சுரம். திருகை எவ்வளவு திருப்பி வைக்கிறோமோ அவ்வளவு மின்னழுத்தம் சிந்தசைசருக்குப் போகும், அதற்கேற்ற உயரத்தில் சுரம் வரும். பெட்டி முதல் திருகிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய் மறுபடி முதலுக்குத் திரும்பும், நிறுத்தும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே ஒரே ஒரு திருகை ஒரு மயிரிழை திருப்பினால் அந்த ஒரு சுரம் மட்டும் நகரும், ஆனால் சுற்று முழுவதும் வேறு முகம் காட்ட ஆரம்பித்துவிடும். இன்னொரு கையால் ஃபில்டரை, அதாவது ஒலியை வடிகட்டும் பகுதியை, திறந்தால் மந்தமாக இருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாகப் பளிச்சென்று ஆகும். 'டைம்விண்ட்' முதல் பக்கம் முழுக்க இந்த இரண்டு வேலைதான், மேலே கீபோர்டில் மெல்லிசாகக் கோடு போட்டதுபோல ஒரு ராகம்.

பெரிய ஸ்டூடியோவும் இல்லை. வீட்டில், இரண்டு டிராக் நாடா இயந்திரத்தில் பிடித்தது. 25-வது நிமிடத்தில் கை தவறினால் அதை மட்டும் திருத்த வழியில்லை, முதலிலிருந்து வாசிக்கவேண்டும். உங்கள் லேப்டாப்பில் 'அன்டூ' பட்டனை ஒரு நாள் தொடாமல் வாசித்துப் பாருங்கள், உள்ளங்கை வேர்க்கும்.

நீளத்துக்கு இன்னொரு காரணம் இசைத்தட்டு. சாதாரணமாக ஒரு பக்கத்தில் 20 நிமிடம் சொச்சம் வைப்பார்கள். இவர் பக்கத்துக்கு அரை மணி நேரம் திணித்தார். அவ்வளவு நெருக்கமாகப் பள்ளம் வெட்டினால் ஒலியின் அளவைக் குறைத்தாகவேண்டும், அதனால் தட்டில் சத்தம் கம்மியாகத்தான் வரும். பரவாயில்லை என்றார். அவர் பாட்டு முடிகிற இடம் பல நேரம் பாட்டின் முடிவு இல்லை, தட்டின் எல்லை. நான் 'டைம்விண்டை' முதலில் கேட்டது நண்பர் பிடித்துக் கொடுத்த 60 நிமிட கேசட்டில். முதல் பாட்டு 30 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், கேசட்டின் பக்கம் அதற்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். மிச்சம் எப்படி இருக்கும் என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது.

இந்த ஆல்பத்துக்கு பிரான்சில் இசைத்தட்டுகளுக்குத் தரும் கிராண்ட் பிரி து திஸ்க் விருது கிடைத்தது, பெயரும் பரவியது. அடுத்து 'மூன்டான்' (1976) செய்யும்போது கையில் அலமாரி அளவுக்கு ஒரு மூக் சிந்தசைசர் இருந்தது, போபோல் ஃபூ குழுவின் ஃப்ளோரியான் ஃபிரிக்கேவிடம் வாங்கியது. ஃபிரிக்கேவுக்கு மின்னணு ஒலி சலித்துப்போய் பியானோவுக்குத் திரும்பியிருந்தார். ஒருவர் சலித்து விட்டதை வைத்து இன்னொருவர் வாழ்நாள் சம்பாத்தியம் செய்தார்.

கே: தயாரிப்பாளர் என்றும் போட்டிருக்கிறதே, யாருக்குத் தயாரித்தார்?
- ஒரு வாசகர், சென்னை

ப: 'ஃபாரெவர் யங்' பாடிய ஆல்ஃபாவில் குழு தெரியுமில்லையா? அவர்களுடைய 'தி பிரெத்டேக்கிங் புளூ' (1989) ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் இவரும் ஒருவர். சந்தைப் பாப் இசைக்காரர்கள் இவரைத் தேடி வந்தார்கள் என்பதே எனக்கு வியப்பு. அவர்களின் முதல் ஹிட் 'பிக் இன் ஜப்பான்'. ஷுல்ட்ஸே 2010-ல் டோக்கியோவில் வாசித்த கச்சேரிப் பதிவுக்கும் அதே பெயரை வைத்தார், குசும்பு.

அதற்கு முன்னாலேயே 70-களின் கடைசியில் ஐசி என்று சொந்தமாக ஒரு லேபிள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்) தொடங்கியிருந்தார். மின்னணு இசைக்கென்று ஆரம்பித்தது, ஆனால் காசு கொண்டுவந்தது ஐடியல் என்ற பெர்லின் பாப் குழு. பிறகு அதை விற்றுவிட்டு இன்டீம் என்று இன்னொன்று தொடங்கினார். வியாபாரமாக அது தேறவில்லை, ஆனால் பழைய கூட்டாளி கோட்ஷிங்கின் 'ஈ2-ஈ4' 1984-ல் அதில்தான் வெளியானது. ஒரே அமர்வில் வாசித்த ஒரு மணி நேர இசை. பின்னால் நடன இசைக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இன்டீம் நஷ்டக் கணக்கில் இதை ஒரு வரவாகத்தான் நான் எழுதுவேன்.

கே: 50 சிடி கொண்ட பெட்டி ஒன்றை வெளியிட்டாராமே, நிஜமா? யார் கேட்பார்கள்?
- ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

ப: நிஜம்தான். சிடி வந்ததும் தட்டின் எல்லை என்ற வேலி போய்விட்டது, ஒரேயடியாக 70 நிமிடம் வாசிக்கலாம். மனுஷர் விடுவாரா? 1993-ல் பத்து சிடி, 1995-ல் இன்னொரு பத்து, 1997-ல் 25, கடைசியில் 2000-ல் எல்லாவற்றையும் சேர்த்து 50. அலமாரியில் கிடந்த பழைய கச்சேரிகள், வெளிவராத பதிவுகள், எல்லாமே உண்டு. வெளிப்படையாகச் சொன்னால், அதில் பாதியை யாராவது உட்கார்ந்து வெட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரை அடக்கி வைத்த அந்த அரை மணி நேரத் தட்டு அவருக்கு நல்லதே செய்தது என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் தபால் அட்டையில் எழுதவும்.

கே: இப்போது எங்கே இருக்கிறார்?
- அதே திருநெல்வேலி வாசகர்

ப: இல்லை, 2022 ஏப்ரல் 26-ல் காலமானார், 74 வயது. கடைசி ஆல்பம் 'தேயுஸ் அராக்கிஸ்' ஜூலை 1-ல் வெளியானது. அராக்கிஸ் என்பது நீங்கள் படத்தில் பார்த்த அந்த மணல் கிரகம்தான். சிம்மரோடு வேலை செய்த சூட்டில் மறுபடி அங்கே போயிருக்கிறார். மூன்று பாட்டு, மூன்றும் நீளம்.