விதைக்கிழங்குப் பெட்டியில் பறக்கும் சின்னச் சாம்பல் பூச்சி எது? நுவரெலியாவிலும் வருமா?

வெலிமடைப் பக்கம் விதைக்கிழங்கு பெட்டியைத் திறந்ததும் பறப்பது பெரும்பாலும் உருளைக்கிழங்கு அந்துப்பூச்சிதான். விரித்த இறக்கை 12 முதல் 16 மில்லிமீட்டர். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், முன்னிறக்கையில் கரும்புள்ளிகள். பின்னிறக்கையின் ஓரத்தில் நீண்ட மயிர்கள் குஞ்சம் கட்டியதுபோல இருக்கும். பகலில் ஒளிந்திருக்கும், அந்திக்குப் பிறகுதான் நடமாட்டம்.

பூச்சியை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கிழங்கின் கண்களை, அதாவது முளை வரும் குழிகளைப் பாருங்கள். முட்டை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் புழு உள்ளே போன இடத்தில் கறுப்பாக எச்சம் தள்ளியிருக்கும். வெட்டினால் சுரங்கம் தெரியும். பிறகு அந்த வழியாகவே அழுகலும் வரும்.

பூர்வீகம் தென்னமெரிக்கா. இன்று உருளைக்கிழங்கு விளையும் வெப்பநாடுகள் பலவற்றிலும் இருக்கிறது. புகையிலை, தக்காளி, கத்தரியிலும் வாழும். நுவரெலியாவின் குளிர் அதைத் தடுக்காது, வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வெயில் காலத்தில் தலைமுறைகள் வேகமாகப் பெருகும்.

மண் காய்ந்து வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகத்தான் கிழங்கை எட்டுகிறது. ஆகவே கிழங்கின் மேல் குறைந்தது 5 சென்டிமீட்டர் மண் இருக்கும்படி அணையுங்கள், தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடாதீர்கள். தோண்டிய கிழங்கை இரவில் வயலில் விடவே கூடாது. அதை உருளைக்கிழங்குக் கொடியால் மூடி வைப்பது இன்னும் மோசம், வாடும் கொடியிலுள்ள புழு கிழங்குக்கு இறங்கிவிடும். துளை விழுந்ததைப் பொறுக்கி அகற்றிய பிறகே பெட்டியில் அடுக்குங்கள்.