பதில்: டிக்ஸ் படத்தில் செங்குத்துக்கோடு விலகுவது பற்றி

வணக்கம். லேடெக் (LaTeX) என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் கட்டளைகளால் படம் வரையும் தொகுப்பான டிக்ஸில் (TikZ) நீங்கள் வரைந்த அஆஇ முக்கோணத்தில், உச்சி அ-வை (2,4)-லிருந்து (3,4)-க்கு நகர்த்தியதும், ஆஇ பக்கத்துக்கு வரைந்த கோடு செங்குத்தாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். காரணம், அடிப்புள்ளியை, அதாவது செங்குத்துக்கோடு ஆஇ-யைத் தொடும் புள்ளியை, (2.69,0.54) என்று நீங்களே கணக்கிட்டு எண்ணாக எழுதியிருப்பதுதான், ஆ (0,0)-விலும் இ (5,1)-லும் இருக்க, அடிப்புள்ளி இப்போது (3.65,0.73) அருகே வந்திருக்க வேண்டும்.

இந்த வேலையை டிக்ஸிடமே விட்டுவிடுங்கள். புள்ளிகளின் இடத்தைக் கணக்கிடும் கால்க் (calc) நூலகத்தை ஆவணத்தின் முகப்பில் (கட்டளைகள் அமையும் தொடக்கப் பகுதியில்) சேர்த்து, அடிப்புள்ளியின் இடத்தில் ($(ஆ)!(அ)!(இ)$) என்று எழுதினால், அ-விலிருந்து ஆஇ கோட்டுக்கு இறங்கும் செங்குத்தின் அடி கிடைக்கும். நடுவில் வருவதுதான் வீழ்த்தப்படும் புள்ளி. பலர் இந்த வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஆ-விலோ இ-யிலோ விரிகோணம் அமைந்தால் அடிப்புள்ளி பக்கத்துக்கு வெளியே விழும் என்பதால், பிழை என்று எண்ணாமல் அப்பக்கத்தைப் புள்ளிக்கோட்டால் நீட்டிக் காட்டுங்கள்.

ஆ-வில் கோணத்தைக் குறிக்கும் வில் முக்கோணத்துக்கு வெளியே சுற்றி வருவது வேறு சிக்கல். அந்த வில்லை வரையும் ஆங்கிள்ஸ் (angles) நூலகம் கோணத்தை இடஞ்சுழியாகவே அளக்கிறது. எனவே அ--ஆ--இ என்பதை இ--ஆ--அ என மாற்றுங்கள், வில் உள்ளே வந்துவிடும்.

எண்ணாக எழுத வேண்டியவை மூன்று உச்சிகள் மட்டுமே. மற்றப் புள்ளிகள் அனைத்தையும் அவற்றிலிருந்தே வரவழையுங்கள்.