அண்ணாச்சி பதில்கள்: கோபுரம் யாருக்கு, படம் யாருக்கு?

எங்கள் அரசுப் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்குக் காப்பிரைட் பற்றிச் சொல்லித்தர ஆசை. ஆனால் 'அடுத்தவர் படத்தை எடுக்காதே' என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கம்ப்யூட்டரை வைத்து எப்படிச் சொல்லலாம், அண்ணாச்சி?
– ஓர் ஆசிரியை, வீரவநல்லூர்

கொட்டாவி விடத்தான் செய்வார்கள், டீச்சர். 'எடுக்காதே, தொடாதே' எல்லாம் எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் காது புளிக்கக் கேட்டாயிற்று. நான் தமிழாசிரியராக இருந்த காலத்தில் பார்த்தவரை, 'இது உன்னுது' என்றால்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் முதல் வகுப்பில் சட்டப் புத்தகமே வேண்டாம். பள்ளி வேப்பமரத்தை ஆளுக்கொரு கோணத்தில் உங்கள் போனிலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள். லேப் திரையில் போட்டு, ஒருத்தன் எடுத்த படத்துக்குக் கீழே வேண்டுமென்றே இன்னொருத்தன் பெயரைப் போடுங்கள். வகுப்பு ரெண்டுபடும்.

சத்தம் அடங்கியதும் விஷயத்துக்கு வாருங்கள். படத்தை எடுத்த நிமிஷத்திலேயே உரிமை எடுத்தவனுக்கு வந்துவிடுகிறது. எங்கேயும் போய்ப் பதிய வேண்டாம், பதினெட்டு வயது ஆக வேண்டாம். நம் நாட்டின் 1957ஆம் வருஷப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி அப்படித்தான். அதே மரத்தை அதே இடத்தில் நின்று இன்னொருத்தி எடுத்தால் அந்தப் படம் அவளுக்கு. மரத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

அப்புறம் பலரும் தாங்கள் எடுத்த படங்களைப் பகிர்கிற விக்கிமீடியா பொதுவகம் என்கிற இணையதளத்தைத் திறந்து நெல்லையப்பர் கோயிலைத் தேடச் சொல்லுங்கள். ஒரு படத்தைச் சொடுக்கிக் கீழே இறங்கி வந்தால் எடுத்தவர் யார், எப்போது எடுத்தார், எந்த உரிமத்தில், அதாவது என்ன நிபந்தனையோடு, மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் இருக்கும். கோபுரம் கட்டினவர்கள் உரிமை கேட்டு வரப்போவதில்லை. ஆனால் போன மாதம் காந்திமதியம்மன் சன்னதிப் பக்கம் நின்று படம் எடுத்தவர் வரலாம். 'சிசி பிஒய்' (CC BY) என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றிருந்தால் அவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கூடவே 'எஸ்ஏ' (SA) இருந்தால், அந்தப் படத்தை வைத்து நாம் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில்தான் வெளியே விட வேண்டும். கூகுள் படத் தேடலிலும் 'டூல்ஸ்' அழுத்தினால் உரிமம் பார்த்து வடிகட்டலாம். வடிகட்டியதும் எத்தனை படங்கள் காணாமல் போகின்றன என்று பிள்ளைகளே பார்க்கட்டும். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

கார்ட்டூன் வேண்டுமென்றால் மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த 'ஐபி நானி' (ஐபி என்றால் அறிவுசார் சொத்து) என்கிற பாட்டி யூடியூபில் கிடைப்பாள். மொழி புரியாத பிள்ளைகளுக்கு ஒலியை அடைத்துவிட்டு நீங்களே நம்ம ஊர்ப் பேச்சில் கதை சொல்லுங்கள். ஆனால் திருட்டைப் பிடிக்கிற கதையோடு நிறுத்தினால், எதையெல்லாம் தாராளமாக எடுக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

அதற்கு நம்ம புதுமைப்பித்தன் இருக்கிறார். மறைந்தது 1948. சட்டப்படி, எழுதியவர் மறைந்ததற்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 வருஷம் உரிமை நீடிக்கும். கணக்கைப் பலகையில் போடச் சொல்லுங்கள். 2008 டிசம்பர் 31 என்று விடை வரும். வந்ததும், தமிழக அரசு 2002லேயே அவர் எழுத்தை நாட்டுடைமை ஆக்கிவிட்டது என்று சொல்லி, மதுரைத் திட்டத்தில் அவர் கதை ஒன்றைத் திறந்து வாசிக்க விடுங்கள். 1998இல் தொடங்கிய, தன்னார்வலர்களே தட்டச்சு செய்து ஏற்றுகிற இலவச நூலகம் அது. ஒன்று மட்டும்: எல்லாவற்றையும் முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லேப் நெட்டை நம்பி நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது.

எங்கள் வீட்டுப் பாய் டிசைனை வெளியூர்க்காரர்கள் அப்படியே நெய்து விற்கிறார்கள். காப்பிரைட் கேஸ் போடலாமா?
– ப்ளஸ் ஒன் மாணவி, பத்தமடை

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறதம்மா. அது காப்பது பெயரை. வெளியூர்ப் பாயைப் 'பத்தமடைப் பாய்' என்று சொல்லி விற்றால் கேட்கலாம். டிசைனுக்குத் தனிச் சட்டம் உண்டு, அதில் பதிய வேண்டும். பதியாமலே தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் செய்துவிட்டால் அந்த டிசைனுக்குக் காப்பிரைட்டும் போய்விடும். புதுச் சித்திரம் போட்டால் சந்தைக்கு அனுப்புமுன் பதிவு பற்றி விசாரிக்கச் சொல்லு.

பத்தாம் வகுப்பு கைடு முழுசையும் ஸ்கேன் செய்து பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். படிப்புக்குத்தானே, தப்பா?
– ஒரு தந்தை, சங்கரன்கோவில்

தப்புதான். பாடம் நடத்தும் தேவைக்கு ஆசிரியரும் மாணவரும் பிரதி எடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2016இல் அந்தப் பிரிவைத் தாராளமாகவே வாசித்தது. அதற்காகக் கடையில் விற்கிற கைடை அட்டை முதல் அட்டை வரை ஊருக்கே அனுப்புவதைப் பாடம் நடத்துவது என்று சொல்ல முடியுமா? பாடநூல்தான் வேண்டுமென்றால் அரசே பிடிஎஃபாக இலவசமாகத் தருகிறது. அந்த லிங்கைப் போடச் சொல்லுங்கள்.

ஆண்டு விழாவில் பாரதியார் பாட்டுக்கு ஆடப் போகிறோம். சினிமாவில் வந்த பாட்டு. வீடியோவை யூடியூபில் போட்டால் பிரச்சினை வருமா, அண்ணாச்சி?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடையம்

பாரதி மனைவி செல்லம்மாள் பிறந்த ஊரிலிருந்து பாரதி கேள்வி! வரிகளுக்கு ஒரு பயமும் இல்லை. ஒரு காலத்தில் அவர் பாட்டை ரெக்கார்டில் பயன்படுத்துகிற உரிமை சினிமாத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. 1949இல் அரசு பாரதி எழுத்தின் உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது, அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஆனால் சினிமாவுக்காகப் போட்ட மெட்டுக்கு உரிமை தனி, பாடிப் பதிவு செய்த ஒலிக்கும் தனி.

விழா மேடையில் ஆடலாம். பார்க்கிறவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்றால் அதே 52ஆம் பிரிவு காப்பாற்றும். யூடியூப் என்றால் உலகமே பார்க்கும், அந்தச் சலுகை அங்கே செல்லாது. பதிவு செய்த ஒலியை அந்தத் தளத்தின் மென்பொருள் தானாகவே கண்டுபிடித்துவிடும். ஒலியை அடைக்கலாம், வீடியோவையே மறைக்கலாம், விளம்பரக் காசு உரிமைக்காரருக்குப் போகலாம்.

உங்கள் பாட்டு டீச்சரைப் புது மெட்டுப் போடச் சொல்லி, நீங்களே பாடி ஆடுங்கள். அந்த மெட்டு டீச்சருக்குச் சொந்தம், அதனால் ஏற்றுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீடியோவுக்குக் கீழே பாரதி பெயரோடு டீச்சர் பெயரும் வரட்டும். தபேலா வாசிக்கிற பையன் பெயரை விட்டுவிடாதீர்கள், வாசித்தவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு.