பர்சனாலிட்டி என்றால் சரியாக என்ன பொருள்?

ஒருவர் யோசிக்கும், பேசும், நெருக்கடியில் நடந்துகொள்ளும் விதத்தில் திரும்பத் திரும்பத் தெரிகிற, அவருக்கே உரிய போக்குதான் பர்சனாலிட்டி. தமிழில் ஆளுமை. ‘இலக்கிய ஆளுமை’ என்று சொன்னால் அந்தப் பெரிய மனிதரையே குறிக்கும்.

பிறவிக் குணமும் வளர்ப்பும் அனுபவமும் கலந்து உருவாவது இது. அதனால்தான் ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையர்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை.

கையெழுத்தை நினைத்துப் பாருங்கள். பேனா மாறலாம், அவசரத்தில் கிறுக்கலாம். ஆனாலும் ‘ழ’வின் வளைவைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அப்படித்தான் ஆளுமையும். ஒருநாள் எரிந்து விழுவது அன்றைய மனநிலை, அவ்வளவுதான்.

அப்புறம், உயரத்தையும் உடற்கட்டையும் பார்த்து ‘நல்ல பர்சனாலிட்டி’ என்கிறோமே, அது வெறும் தோற்றம். கூச்சப்பட்டு ஓரமாக நிற்பவருக்கும் முழு ஆளுமை உண்டு.