வார்டு இன்சார்ஜாகப் போட்டிருக்கிறார்கள். நோயாளிகளின் விவரம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேட்டவர் எழுதியிருப்பது இது: 40 படுக்கை மெடிக்கல் வார்டு, ஸ்டாஃப் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கேஸ் ஷீட் போட்டோ போடுகிறார்கள், "நோயாளி தகவல் ரகசியம் காக்கப்பட வேண்டும்" என்று மேலிடத்துச் சர்க்குலர் வந்தது, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று, இனி என்ன?

கையெழுத்து வாங்கிய சர்க்குலரால் ஒரு போட்டோகூடக் குறையாது. ராத்திரி இரண்டு மணிக்கு இசிஜியில் மாற்றம் தெரிகிறது, டூட்டி டாக்டர் வேறு பிளாக்கில் இருக்கிறார். அந்த நேரத்தில் சிஸ்டருக்கு இருக்கும் ஒரே வழி அவருடைய சொந்த போன்தான். அதை அடைக்கிற முன்னால் இன்னொரு வழியைத் திறந்துவிடுவது இன்சார்ஜின் வேலை. தகவல் வெளியே போவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, அவசரத்தால். இதை ஒத்துக்கொள்ளாத மேற்பார்வையாளர் எத்தனை மெமோ கொடுத்தாலும் பலன் இருக்காது.

முதல் வேலையாக அந்தக் குரூப்பின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள். இடமாறுதலில் போனவர், வேலையை விட்டவர், போஸ்டிங் முடிந்த மாணவிகள் எல்லாரும் அதில் இருக்கலாம். இப்போது வார்டில் வேலை செய்யாதவர்களை இன்றே நீக்கிவிடுங்கள். அடுத்தது, படம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். 25 பேர் குரூப்பில் ஒரு லேப் ரிப்போர்ட் விழுந்தால், தானாக டவுன்லோட் ஆகும் போன்களில் அது கேலரிக்குப் போகும். அங்கிருந்து கூகுள் போட்டோஸ் பேக்கப்புக்கும், அதே கணக்கில் திறந்திருக்கும் வீட்டு டேப்லெட்டுக்கும் போகும். பேக்கப் ஆன படத்தை டெலீட் செய்தாலும் 60 நாள் ட்ராஷில் கிடக்கும், ஐபோனில் 30 நாள். "உடனே அழித்துவிட்டேன்" என்று சிஸ்டர் சொல்வது பொய்யாக இருக்காது. அழிந்ததா என்பதுதான் வேறு விஷயம்.

நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை வையுங்கள்: வார்டுக்கென்று ஒரு போன், ஒரு சிம், அதில் போட்டோ பேக்கப் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நார்கோடிக் (போதை தரும் வலி மருந்து) அலமாரிச் சாவியை எண்ணி ஒப்படைக்கிறோமே, அதே ரிஜிஸ்டரில் இந்த போனும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறட்டும். போன் வருகிற வரை சில இடைக்கால விதிகள் போதும். குரூப்பில் நோயாளி சம்பந்தப்பட்ட படம் கூடாது, டாக்டருக்குத் தனியாக மட்டும் அனுப்பலாம். அந்தச் சாட்டில் மெசேஜ் 24 மணி நேரத்தில் மறையும்படி வைக்க வேண்டும், மீடியா கேலரியில் தெரியாதபடி அணைக்க வேண்டும். படம் எடுக்கும்போது தாளின் மேல்பக்கம், பெயரும் முகவரியும் இருக்கும் பகுதியில், ஒரு வெள்ளைத்தாளை வைத்து மறைக்க வேண்டும்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. பெயரை மறைக்கிறேன் என்று "7ஆம் பெட் இசிஜி" என்று மட்டும் அனுப்பினால், சாயங்காலம் 7ஆம் பெட் நோயாளியை 12க்கு மாற்றியது டாக்டருக்குத் தெரியாது. மருந்து வேறு ஆளுக்குப் போகும். அதனால் பெட் நம்பரோடு ஐபி நம்பரின் (உள்நோயாளி எண்ணின்) கடைசி நான்கு இலக்கத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு போனில் கூப்பிட்டுப் பெயரை வாயால் சொல்லி உறுதி செய்யட்டும். ஆர்டரைக் கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டருக்குத் திருப்பி வாசித்துக் காட்டி, நேரம் குறித்து, அவர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். சாட்டில் மட்டும் இருக்கும் ஆர்டர் ஆர்டரே அல்ல. ரகசியம் என்ற பெயரில் நோயாளியின் அடையாளமே தொலைந்தால் அதுவும் தவறுதான்.

சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் தகவலுக்கும், பின்னர் டிஜிட்டல் ஆக்கப்படும் தகவலுக்கும் பொருந்தும். காகிதத்தில் இருக்கிற கேஸ் ஷீட்டைப் போனில் படமெடுத்தால் அது டிஜிட்டல் தகவலாகிவிடுகிறது. உரிய பாதுகாப்பு இல்லையென்றால் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. போனுக்குக் காசில்லை என்று நிர்வாகம் சொன்னால் இந்த எண்ணைக் கோரிக்கைக் கடிதத்தில் எழுதுங்கள்.

இனி ஹேண்ட் ஓவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. படுக்கை அருகே நின்று ஓவர் கொடுப்பதுதான் சரி. டிரிப், டிரெயின், புண் எல்லாம் கண்ணால் பார்த்து ஒப்படைக்க வேண்டியவை. ஆனால் பக்கத்துப் பெட்டின் அட்டெண்டர் இரண்டடி தள்ளிப் பாயில் உட்கார்ந்திருக்கிறார், திரை இருந்தாலும் காது மூடாது. அதனால் ஓவரை இரண்டாகப் பிரியுங்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, கருக்கலைப்பு, மனநல மருந்து, விஷம் குடித்து வந்தது, எம்எல்சி (போலீஸ், கோர்ட் சம்பந்தப்பட்ட கேஸ்) விவரம் ஆகியவற்றை நர்சிங் ஸ்டேஷனில் தாழ்ந்த குரலில் முதலில் முடித்துவிட்டு, மற்றதைப் படுக்கையருகில் பேசட்டும். 40 படுக்கைக்கு இதனால் சில நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

ஓவர் குறிப்பு எழுதும் துண்டுச்சீட்டு யூனிஃபார்ம் பாக்கெட்டில் வீட்டுக்குப் போகிறது, துவைக்கும்போது யார் கையிலோ கிடைக்கிறது. தேதி போட்ட ஒரே அளவுத் தாளாக ஷிஃப்டுக்கு ஆளுக்கு ஒன்று கொடுங்கள், ஷிஃப்ட் முடிவில் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், எண்ணிப் பாருங்கள். நான்கு கொடுத்தால் நான்கு திரும்ப வேண்டும். கிழிக்கும் மெஷின் இல்லையென்றால் எம்ஆர்டியில் (மருத்துவ ஆவணப் பிரிவில்) ஒப்படையுங்கள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகிற காகிதத்தில் இவை சேரவே கூடாது.

எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் ஒன்று. கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் "ரியாக்டிவ்" (எச்ஐவி பரிசோதனை பாசிட்டிவ்) என்று எழுதி, அந்த அட்டையை ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் கால்மாட்டில் வைத்து ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். லிஃப்டில் நிற்கிற அத்தனை பேரும் படிக்கிறார்கள். கூட வருகிற மைத்துனருக்கு அது வரை தெரிந்திருக்காது. எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது. சிகிச்சையில் நேரடியாக இருக்கிற மருத்துவப் பணியாளருக்கு, தேவைப்பட்டால் மட்டும், சொல்லலாம். லிஃப்ட் ஆபரேட்டர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஸ்டாஃப் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்றால் பயம். ஊசி குத்திவிடுமோ என்ற பயம். அதைத் திட்டிப் போக்க முடியாது. கையுறை எல்லா சைஸிலும் இருக்கிறதா, நீடில் கட்டர் வேலை செய்கிறதா, ஊசி குத்தினால் எச்ஐவி தொற்றாமலிருக்கப் போட வேண்டிய பிஇபி மாத்திரை ராத்திரியில் எந்த அலமாரியில், யாரிடம் சாவி என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியட்டும். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாளும் வார்டில் அட்டையில் குறி போடத் தேவையே இருக்காது.

போன் அழைப்புக்கும் ஒரு முறை வேண்டும். 2012 டிசம்பரில் லண்டன் தனியார் மருத்துவமனை ஒன்றில் அரச குடும்பத்துப் பெண் சேர்க்கப்பட்டிருந்தபோது, ஆஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர்கள் இருவர் ராணியும் இளவரசரும் போலப் பேசினார்கள். விடியற்காலையில் ஒரு நர்ஸ் போனை எடுத்து வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். வார்டில் இருந்தவர் உடல்நிலையைச் சொல்லிவிட்டார். இணைப்புக் கொடுத்த நர்ஸ் இந்தியாவிலிருந்து போனவர், சில நாளில் இறந்துபோனார். அந்த விடியற்காலையில் போனை எடுத்தவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். அட்மிஷன் போடும்போதே "உங்களைப் பற்றி யாரிடம் சொல்லலாம்" என்று நோயாளியிடம் கேட்டு, ஒருவர் பெயரும் எண்ணும், அவர்கள் இருவரும் வைத்துக்கொள்ளும் ஒரு சொல்லும் கேஸ் ஷீட்டின் உள்பக்கத்தில் எழுதுங்கள். அழைப்பவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லையென்றால் பதிவில் உள்ள எண்ணுக்கு நாம் திருப்பிக் கூப்பிட வேண்டும். போலீஸ் கேட்டால் எழுத்தில் வாங்கி ஆர்எம்ஓவிடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரிடம்) அனுப்புங்கள். வார்டு சிஸ்டர் வாசலில் நின்று பதில் சொல்லும் நிலைமையே வரக்கூடாது.

கம்ப்யூட்டர் லாகின் பற்றிச் சுருக்கமாக. ஒரே பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்தால், யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவு பயனற்றது; தப்பு செய்யாதவரையும் அது காப்பாற்றாது. இதை இப்படிச் சொன்னால்தான் ஸ்டாஃப் கேட்பார்கள். வேலையை விட்டவரின் லாகின் அன்றே மூடப்பட வேண்டும். எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியோடு எல் அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கம் வரட்டும். நம் ஊழியர் யாராவது அட்மிட் ஆனால் அவருடைய ரெக்கார்டை யார் திறந்தார்கள் என்று ஐடியிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதிகம் எட்டிப் பார்ப்பது அங்கேதான். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டபோது நாள்கணக்கில் வேலை காகிதத்தில் நடந்தது. அப்படி ஒரு நாளுக்காக வரிசை எண் போட்ட தாள்களைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

கசிந்தே விட்டால்? யார், எப்போது, எந்தக் குரூப் என்று முதலில் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள், பிறகு எல்லாருக்குமாக அழிக்கச் சொல்லுங்கள். உடனே சூப்பரின்டென்டென்டுக்கும் ஐடிக்கும் சொல்லுங்கள். கணினித் தாக்குதல் என்றால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவமனைக்கு 2022 முதல் உண்டு, நீங்கள் ஒரு ஷிஃப்ட் தாமதித்தால் அந்த நேரம் போய்விடும். நோயாளியிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெமோ எழுதும்போது நோயாளி பெயரை எழுதாதீர்கள், ஐபி நம்பர் போதும். அந்த மெமோவின் நகல் எத்தனை மேசைக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

"ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு சிஸ்டரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஆள் பற்றாக்குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அட்டையில் சிவப்பு மையில் எழுதாமல் இருப்பதற்குக் கூடுதல் ஆள் வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நோயாளியின் தகவலைக் காக்கச் சொல்லும் அதே அலுவலகங்களில் நர்ஸின் தகவலுக்கு மதிப்பில்லை. டூட்டி ரோஸ்டரில் ஒருவர் பெயருக்கு எதிரே "கர்ப்பம், 2ஆம் மாதம்" என்றும், இன்னொருவருக்கு "டிபி லீவ்" என்றும் எழுதி வராண்டாவில் ஒட்டுகிறார்கள். வீட்டில்கூடச் சொல்லாத சேதியைத் துப்புரவுப் பணியாளர் முதல் விசிட்டர் வரை வாசிக்கிறார்கள். ரோஸ்டரில் "விடுப்பு" என்ற ஒரு சொல் போதும், காரணம் உங்கள் மேசை டிராயரில் பூட்டி இருக்கட்டும். நீங்கள் இப்போது இன்சார்ஜ், அடுத்த வார ரோஸ்டர் உங்கள் கையால்தான் எழுதப்படும்.