எட்ஜ்வுட் கட்டிய வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சஸில், சான் அன்டோனியோ நகரின் வடபகுதியில் வசிக்கிறோம். பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்துத்தான் வீடே வாங்கினோம். மகன் படிப்பது அரசுப் பள்ளி. எந்தக் குறையும் இல்லை. நகரின் மேற்கே இருப்பவையும் அரசுப் பள்ளிகள்தான், ஆனால் நிலைமை மோசம். ‘அங்கே பெற்றோருக்கு அக்கறை கிடையாது’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படித்தானா?

கே.

அன்புள்ள கே.,

இல்லை. இதற்காக உங்கள் ஊரிலேயே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது.

நம்மூர் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பள்ளி இருக்கும் தெருவில் மனை என்ன விலை போகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் பள்ளிச் செலவின் கணிசமான பங்கு அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதி) சொத்துவரியிலிருந்து வருகிறது.

மேற்கே இருக்கும் எட்ஜ்வுட் மாவட்டத்தில் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர். 1968 மே மாதம் அங்கே சுமார் 400 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு டிமெட்ரியோ ரோட்ரிகஸும் வேறு சில பெற்றோரும் இந்தப் பள்ளி நிதி முறையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ரோட்ரிகஸ் விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்தவர். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் ‘அக்கறையில்லாத பெற்றோர்’ இவர்கள்தாம்.

நீதிமன்றத்தில் வந்த கணக்கைப் பாருங்கள். 100 டாலர் சொத்து மதிப்புக்கு எட்ஜ்வுட் மக்கள் கட்டியது 1.05 டாலர். அதே ஊரின் பணக்கார மாவட்டமான அலமோ ஹைட்ஸ் கட்டியது 85 சென்ட். மாநிலத்தின் பொதுப் பள்ளி நிதித் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு போக, மாணவர் ஒருவருக்கு எட்ஜ்வுட்டில் மிஞ்சியது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333. மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட்டில் 356, அலமோ ஹைட்ஸில் 594. கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவன் பிள்ளைக்குத்தான் குறைவு! அங்கே சொத்துகளின் மதிப்பு குறைவு என்பதுதான் முக்கியக் காரணம்.

1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று ரோட்ரிகஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, கூட்டாட்சி அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்றார் நீதிபதி பவல். இன்னொரு நீதிபதியான தர்குட் மார்ஷல் கடுமையாக மறுத்து எழுதினார். எனக்கு மார்ஷல் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அதன்பின் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகப் போராட வேண்டியதாயிற்று. டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1989இல் எட்ஜ்வுட் பக்கம் நின்றது. பணக்கார மாவட்டங்களின் உபரி வரியைப் பகிரும் சட்டம் 1993இல் வந்தது. ஆனாலும் பள்ளிக் கட்டடம் கட்ட வாங்கும் கடனை அடைப்பது இன்றைக்கும் பெருமளவு உள்ளூர் வரிதான்.

உங்கள் சொத்துவரி பில்லில் பள்ளி மாவட்டத்துக்கான தொகை தனியாகப் போட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசும்போது அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.