கை டாக்: ஊரின் கற்களால் நீண்ட ஓடுதளம்

கேள்வி: ஹாங்காங்கின் பழைய கை டாக் விமான நிலையத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும், அடுக்குமாடிகளின் மொட்டைமாடிகளை உரசுவதுபோல் விமானங்கள் இறங்கியதையே சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அந்த நிலையத்துக்கும் சுற்றியிருந்த கவ்லூன் பகுதிக்கும் என்ன நேர்ந்தது?

பதில்: கடலைத் தூர்த்துக் குடியிருப்புகள் அமைக்க விரும்பிய ஹோ கை, ஆவ் டாக் என்னும் இரு பிரமுகர்களின் பெயர்களிலிருந்து வந்ததே கை டாக் என்ற பெயர். அந்த முயற்சி நிறைவேறாமல் போகவே, 1920-களில் அந்நிலம் விமானத்தளமாயிற்று. 1941 டிசம்பர் 8 காலையில் ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு வீசியபோது, பிரிட்டிஷ் விமானப்படையிடம் இருந்தவை ஐந்தே பழைய விமானங்கள். அன்றே அவற்றுள் பெரும்பாலானவை பயனற்றுப் போயின. டிசம்பர் 25 அன்று ஹாங்காங் சரணடைந்தது.

சுற்றுப்புற மக்களின் துயரம் அதன்பின் நெடுங்காலம் நீடித்தது. ஓடுதளத்தை நீட்ட முனைந்த ஜப்பானியர், அருகிலிருந்த பழைய கிராமங்களை இடித்துக் குடும்பங்களை வெளியேற்றினர். 1847-இல் சீன அரசு கட்டி முடித்த கவ்லூன் கோட்டையின் கருங்கல் மதிலைப் பெயர்த்து, அக்கற்களை விமானத்தள விரிவாக்கத்துக்கே பயன்படுத்தினர். ஷாம் சுய் போ முகாமிலிருந்த பிரிட்டிஷ், கனடியப் போர்க்கைதிகள் இங்கே மண்ணும் கல்லும் சுமக்க வைக்கப்பட்டனர். ஹாங்காங்கைக் காக்கப் போரிட்ட ராஜ்புத், பஞ்சாப் படைப்பிரிவுகளின் இந்திய வீரர்கள் அடைக்கப்பட்ட மா டாவ் சுங் முகாமும் விமானத்தளத்துக்கு அருகிலேயே இருந்தது. நம் நாட்டில் இதை அறிந்தோர் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பாக நான் கருதுவது சுங் வோங் டோய் பாறையைத்தான். மங்கோலியப் படைக்குத் தப்பி வந்த, சீனாவை ஆண்ட சோங் அரச மரபின் கடைசிச் சிறுவ அரசர்கள் 1277-இல் இப்பகுதியில் தங்கியதன் நினைவாகப் பெயர் பொறிக்கப்பட்டு, ஒரு குன்றின்மேல் நின்ற பெரும்பாறை அது. அதைக் கல்லுடைப்போரிடமிருந்து காக்க வேண்டுமென 1898-இல் சட்டமன்றத்தில் வலியுறுத்தியவர் ஹோ கை. மறு ஆண்டே அதற்கென ஒரு சட்டமும் நிறைவேறியது. அவர் பெயரைத் தாங்கிய விமானத்தளத்தை விரிவாக்குவதற்காகவே அந்தக் குன்று தகர்க்கப்பட்டு, பாறையும் உடைபட்டது.

கேள்வி: இன்று அங்கே எஞ்சியிருப்பவை என்ன?

பதில்: எழுத்துப் பொறித்த பகுதி எப்படியோ தப்பியது. போருக்குப் பின் அதைச் செவ்வக வடிவில் செதுக்கி, பக்கத்திலேயே ஒரு சிறு பூங்காவில் நிறுத்தினார்கள். மதில் இழந்த கோட்டைக்குள் அகதிகள் குடியேறினர். அதன்மீது யாருக்கு ஆட்சியுரிமை என்பதில் சீனாவும் பிரிட்டனும் ஒத்துப்போகாததால் முறையான நிர்வாகம் இல்லாமலே அது நெருங்கி வளர்ந்தது. விமானப் பாதைக்காக விதிக்கப்பட்ட உயர வரம்பே அதன் கட்டடங்களைப் பதினான்கு மாடி அளவில் நிறுத்தியது. 1993-94-இல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டுப் பூங்காவானது. அப்போது மண்ணுக்கடியில் கிடைத்த தெற்கு வாயிலின் அடித்தளத்தை இன்றும் அங்கே காணலாம்.

கடலுக்குள் நீண்ட புதிய ஓடுதளம் 1958-இல் திறக்கப்பட்டது; 1998 ஜூலையில் விமான நிலையமே மூடப்பட்டது. பின்னர் மெட்ரோ ரயில் நிலையத்துக்காகத் தோண்டியபோது, சோங் காலத்தையும் அதையடுத்த யுவான் மரபின் காலத்தையும் சேர்ந்த கிணறுகளும் மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. போரும் விமானத்தளமும் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மக்கள் இங்கு வாழ்ந்ததை அவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன. 2021-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் நிலையத்துக்கு சுங் வோங் டோய் என்றே பெயரிட்டு, கண்டெடுத்த பொருள்களில் சிலவற்றை அதற்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.